எனக்குக் குழம்பு காணும்

சென்ற ஆண்டு நல்லூர்க் கந்தசுவாமி கோயில் திருவிழா நிறைவுற்ற பின் வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை அது. திருவிழா நடைபெறும் 25 நாளும் எமது வீட்டு அடுப்பில் மச்சம் ஏறுவதில்லை. குடாநாட்டின் சைவக் குடும்பங்கள் பலவற்றில் இதுவே வழக்கம். விரதம் முடிந்ததும் அயலவர்கள் கூடி ஒரு கிடாயை வாங்கிப் பங்கு போடுவதும் எம்மூரில் நெடுங்கால வழக்கந்தான். கனடாவிலே பிறந்து வளர்ந்த எமது பெறாமகள், ரொறன்ரோ நகரிலிருந்து விடுமுறைக்கு வந்து எம்முடன் தங்கியிருந்தாள். அன்று காலை அவளையும் அழைத்துக்கொண்டு பங்கு வாங்கச் சென்றோம்.

பங்கு இறைச்சியைக் கண்டிராத இளம் வாசகர்களுக்காக அதைப் பற்றிச் சில வார்த்தை கூறுதல் நன்று. பத்துப் பன்னிரண்டு வீட்டார் சேர்ந்து ஒரு கிடாயை வாங்குவர். விடியற்காலையில் வளவின் மூலையிலுள்ள மாமரத்தின் கீழே வாழையிலைகளை வரிசையாக விரித்து, வெட்டிய இறைச்சியைக் கூறு கூறாக வைப்பர். ஒவ்வொரு கூற்றிலும் தசையும் எலும்பும் கொழுப்பும் அளவோடு இருத்தல் வேண்டும். ஈரல் சிறிதே ஆயினும், அதனையும் வீடுகளின் எண்ணிக்கைக்கு ஏற்பத் துண்டாக்கி, ஒவ்வொரு கூற்றின்மேலும் ஒரு துண்டை வைப்பர். ஆசிரியர் வீட்டுக்கும் தோட்டக்காரர் வீட்டுக்கும் ஒரே அளவுதான். பிரித்தவர் தமது பங்கைக் கடைசியிலேயே எடுத்துக்கொள்வார்.

இவற்றையெல்லாம் வியப்போடு பார்த்துக்கொண்டு நின்ற பெறாமகள், "சித்தப்பா, தராசு இல்லாமலே எவ்வளவு நீதியாய்ப் பிரிக்கினம்!" என்றாள். எமக்குப் பெருமையாக இருந்தது. அப்பெருமை அன்று மதியம் வரையில்தான் நீடித்தது என்பதைப் பின்னர் சொல்வோம்.

வீடு திரும்பும் வழியில் அவள் தன் கதையைச் சொன்னாள். அவளுடைய உடலில் இரும்புச்சத்துக் குறைவு என்று அங்குள்ள வைத்தியர் கண்டறிந்து குளிகை கொடுத்தாராம். இரும்புச்சத்து மிகுந்த உணவுகளை உண்ணுமாறும் புத்தி கூறினாராம். பல்கலைக்கழகத் தோழியர் சிலர் பைசன் இறைச்சியே அதற்குச் சிறந்தது என்று சொல்ல, அதனை வாங்கி, இங்கிருந்து நாம் அனுப்பிய கறித்தூளைப் போட்டுக் குழம்பு வைத்து உண்கிறாளாம். "உங்களிட்டை அது கிடையாதே, சித்தப்பா" என்று எமக்காக இரங்கவும் செய்தாள்.

பைசன் என்பது கூனல் முதுகும் சடைத்த தலையும் கொண்ட வட அமெரிக்கக் காட்டெருது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்நாட்டுப் புல்வெளிகளிலே கோடிக்கணக்கில் திரிந்த அவ்விலங்கு, வரைமுறையற்ற வேட்டையினால் 1880களின் இறுதியில் ஏறக்குறைய ஆயிரமாகக் குன்றிப்போயிற்று. அங்குள்ள பழங்குடி மக்கள் அதன் இறைச்சியை உலர்த்தி இடித்து, கொழுப்பும் காட்டுப் பழங்களும் கலந்து, பெமிக்கன் என்னும் கட்டுணவாக்கி நெடும் பயணங்களுக்கு எடுத்துச் சென்றனர். எஞ்சியவற்றைக் காத்துப் பெருக்கியதனால் இனம் பிழைத்தது. 2016 ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்கா அதனைத் தன் தேசியப் பாலூட்டியாக அறிவித்தது. கடைகளில் இன்று விற்கப்படுவது பண்ணைகளில் வளர்க்கப்பட்டவற்றின் இறைச்சியே. தமிழ்நாட்டு மலைகளிலே சிலர் பைசன் என்று அழைக்கும் காட்டெருமை வேறோர் இனம். இந்தியாவின் 1972 ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டம் அதனைக் காக்கின்றது. அதனை வேட்டையாடுவது குற்றமாகும்.

பைசன் இறைச்சியின் பெருமை யாது என்று வினவினோம். அவள் தன் கைபேசியில் அமெரிக்க விவசாயத் திணைக்களத்தின் உணவு அட்டவணையைத் திறந்து வாசித்தாள். வாட்டிச் சமைத்த, கொழுப்பு நீக்கிய பைசன் இறைச்சி 100 கிராமில் 143 கலோரியும், ஏறக்குறைய 28 கிராம் புரதமும், 2.4 கிராம் கொழுப்பும், 3.4 மில்லிகிராம் இரும்பும் உள்ளன. கொழுப்புக் குறைவு, புரதமும் இரும்பும் மிகுதி. இதுவே அதன் சிறப்பு. "அந்த அட்டவணையில் ஆட்டிறைச்சிக்கு என்ன போட்டிருக்கு எண்டு பார் பிள்ளை" என்றோம். தேடிப் பார்த்தவள் நடையை நிறுத்திவிட்டாள். அதே முறையிற் சமைத்த வெள்ளாட்டிறைச்சி 100 கிராமில் கலோரி அதே 143, புரதம் 27 கிராம், கொழுப்பு 3 கிராம், இரும்போ 3.7 மில்லிகிராம்!

விலங்கின் வயதுக்கும் தீனிக்கும் இறைச்சித் துண்டுக்கும் ஏற்ப இவ்வெண்கள் சற்றே கூடிக் குறையும். ஆயினும், எம்மவர் பிள்ளைகள் பனிதேசத்திலே தேடி உண்ணும் பொருளுக்கு நிகரானது எமது வேலியோரத்திலே குழை தின்றுகொண்டு நிற்கிறது என்பதில் ஐயமில்லை. கையிலே வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவது எமக்குப் புதிய பழக்கமன்றே!

கிடாயின் இறைச்சி இவ்வாறு கொழுப்புக் குறைந்திருப்பதற்குக் காரணம் அதன் உடலமைப்பு. அதன் கொழுப்பிற் பெரும்பகுதி குடலையும் சிறுநீரகத்தையும் சுற்றித் தனியே படிகின்றது. தசைநார்களுக்கு இடையே ஊடுருவுவது குறைவு. ஆகையினால் கொழுப்பை வேறாக எடுத்துவிடுதல் எளிது. சிறுவயதில் நாம் பாடசாலைக்குப் புறப்படுமுன் கொக்கத்தடியோடு வேலியோரம் சென்று கிளுவையும் பூவரசும் முள்முருக்கும் ஒடித்து ஆட்டுக்குப் போடுவது எமது நாளாந்தக் கடமை. வேலிக் கதியாலில் தளிர்த்த குழை ஆட்டுக்குத் தீனியாகி, ஈற்றில் எமது புரதமும் இரும்புமாக மாறியது என்பதை அன்று நாம் அறியவில்லை. இரத்த அணுக்கள் உருவாவதற்கும் நரம்புகள் நலமுடன் இயங்குவதற்கும் வேண்டிய பி12 என்னும் விற்றமினும், காயம் ஆறவும் பிள்ளைகள் வளரவும் துணைசெய்யும் நாகச்சத்தும் இவ்விறைச்சியில் உள்ளன.

இவ்வாறு அட்டவணை பேசிக்கொண்டு வீட்டுக்கு வந்து, மதியம் உண்ண அமர்ந்தோம். எமது இல்லாள் பிள்ளைகளுக்கும் பெறாமகளுக்கும் எமக்கும் இறைச்சியை அள்ளி அள்ளிப் போட்டாள். ஈரற் பிரட்டல், சோதினைக்குப் படிக்கிற பிள்ளை என்ற காரணத்தினால், மகனுடைய கோப்பைக்குச் சென்றது. எல்லோரும் உண்டு முடியும் தறுவாயில் தானும் ஒரு கோப்பையை எடுத்துச் சோற்றின்மேல் குழம்பை ஊற்றிக்கொண்டாள். குழம்பில் ஓர் எலும்பு மாத்திரம் கிடந்தது.

"சித்தி, உங்களுக்கு இறைச்சி?" என்றாள் பெறாமகள்.

"எனக்குக் குழம்பு காணும் பிள்ளை."

அச்சொல்லைக் கேட்டதும் எமது கை சோற்றிலேயே நின்றுவிட்டது. அதே சொல்லை, அதே குரலில், முப்பது ஆண்டுகளுக்கு முன் வேறொருவர் சொல்லக் கேட்டிருக்கிறோம்.

அது 1993 ஆம் ஆண்டு. குடாநாடு பொருளாதாரத் தடைக்குள் அகப்பட்டிருந்த காலம். மின்சாரம் இல்லை, மண்ணெண்ணெய் பொன்னுக்கு நிகர். போத்தல் விளக்கின் திரியொளியிலே நாம் சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தோம். பல மாதங்களுக்கு ஒரு முறையே வீட்டில் இறைச்சி. அந்நாளில் ஈரல் எமது கோப்பைக்கும், நல்ல தசை தந்தையாருக்கும் தமையனாருக்கும் போகும். அம்மா எல்லோரும் எழுந்த பின்னர் கறிச்சட்டிக்குள்ளே சோற்றைப் போட்டுப் பிரட்டி உண்பார். கேட்டால், "எனக்குக் குழம்பு காணும்" என்பார். சட்டியிற் பிரட்டிய சோற்றின் சுவையே தனி என்று புகழவும் செய்வார். நாமும் அதனை நம்பினோம். நம்புவது எமக்கு வசதியாகவும் இருந்தது.

ஒருநாட் காலை அம்மா கிணற்றடியில் வாளியோடு சாய்ந்துவிட்டார். அழைத்துச் சென்று காட்டியபோது, வைத்தியர் அவருடைய கண்ணின் கீழ்மடலைச் சற்றே இழுத்துப் பார்த்து, "இரத்தம் போதாது" என்றார். இரும்புக் குளிகையும் கொடுத்து, நல்ல உணவாகக் கொடுக்கும்படியும் சொன்னார். குளிகையை நாம் தவறாமல் வாங்கி வந்து கொடுத்தோம். ஆனால் அடுத்த முறை பங்கு வந்தபோது, ஈரல் மீண்டும் எமது கோப்பைக்கே வந்தது. நாமும் அதை உண்டோம். அம்மா அதன்பின் பல ஆண்டுகள் வாழ்ந்தார். ஆயினும் நான்கு படி ஏறினால் மூச்சு வாங்கும். மாலையானால் தலை சுற்றும். "உது எனக்குப் பழக்கம்" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவார். அவர் பழக்கம் என்று சொன்னது நோய் என்பதை அவர் மறைந்த பின்னரே நாம் எண்ணிப் பார்த்தோம்.

அன்று மாலை பெறாமகள் விடவில்லை. மறுநாளே சித்தியை அழைத்துச் சென்று இரத்தப் பரிசோதனை செய்வித்தாள். ஈமோகுளோபின் 9.2 என்று வந்தது. 100 மில்லிலீற்றர் இரத்தத்தில் ஈமோகுளோபின் பெண்களுக்கு 12 கிராமுக்கும், கர்ப்பிணிகளுக்குப் பொதுவாக 11 கிராமுக்கும் குறையுமாயின், அதனை இரத்தசோகை என்று உலக சுகாதார நிறுவனம் வரையறுத்துள்ளது. உணவு அட்டவணையைப் பற்றிக் காலை முழுவதும் பேசிய எமக்கு, எதிரே நின்று பரிமாறியவளின் வெளிறிய முகம் தெரியவில்லை என்பது வெட்கத்துக்குரியதே.

இங்கேதான் வாசகர்கள் ஒரு கணக்கை நோக்குதல் வேண்டும். அமெரிக்கப் பரிந்துரைப்படி, வளர்ந்த ஆண் ஒருவருக்கு நாளொன்றுக்கு வேண்டிய இரும்பு 8 மில்லிகிராம். 19 முதல் 50 வயது வரையுள்ள பெண்ணுக்கோ 18 மில்லிகிராம். கர்ப்பிணிக்கு 27 மில்லிகிராம். மாதந்தோறும் இரத்தத்தை இழப்பவளும், தன் இரத்தத்திலிருந்து மற்றோர் உயிரை உருவாக்குபவளும் பெண்ணே. அவளுக்கு வேண்டியது ஆணுக்கு வேண்டியதைப் போல் இரு மடங்குக்கும் மேல். எமது வீடுகளிலே பங்கு நேர்மாறாகப் பிரிக்கப்படுகின்றது. மாமரத்தடியிலே ஈரலைக்கூடத் துண்டாக்கி நீதி செய்யும் எம்மூர், வீட்டு வாசற்படியைத் தாண்டியதும் அந்நீதியை மறந்துவிடுகின்றது.

கீரையிலும் பருப்பிலும் இரும்பு இல்லையா என்று சிலர் கேட்கலாம். உண்டு. ஆனால் இரும்பு இரு வகைப்படும். இறைச்சியிலும் மீனிலும் உள்ள இரும்பில் ஒரு பகுதி ஈம் என்னும் வகை; அதனை எமது குடல் எளிதில் ஏற்றுக்கொள்ளும். தாவரங்களில் உள்ள மற்றைய வகையிற் சிறுபங்கே உடலிற் சேரும். இவ்விரண்டையும் ஒரே வேளையில் உண்டால், இறைச்சியானது கீரையின் இரும்பையும் உடல் ஏற்பதற்குத் துணைசெய்யும். எலுமிச்சம்புளியும் அவ்வாறே உதவும். தேநீரோ எதிரி, உணவோடும் உண்ட உடனேயும் அருந்தும் தேநீர் தாவர இரும்பை உடலிற் சேரவிடாது தடுக்கின்றது. சோறு உண்ட கையோடு தேநீர்க் கோப்பையைத் தேடும் வழக்கமுடையோர் குறைந்தது ஒரு மணி நேரமாவது பொறுத்தல் நன்று.

எமது முன்னோர் இவற்றை அறியாதவர்கள் அல்லர். பிள்ளை பெற்றவளுக்கு மிளகும் சீரகமும் மஞ்சளும் மல்லியும் அரைத்துச் சரக்குக் கறி காய்ச்சிக் கொடுப்பதை இன்றும் காண்கிறோம். அந்தச் சில வாரங்களில் வீட்டின் சிறந்த உணவு தாய்க்கே உரியது. அதற்கு முன்னும் பின்னும் அவளுடைய கோப்பையை எவரும் பார்ப்பதில்லை என்பதே எமது முறைப்பாடு.

சமைக்கும் முறையைப் பற்றியும் சிறிது சொல்வோம். கொழுப்புக் குறைந்த இறைச்சி கடும் நெருப்பில் விரைந்து வெந்தால் வைரித்துப் போகும். பைசனுக்கும் கிடாய்க்கும் இஃது பொது. மெல்லிய நெருப்பில் நீண்ட நேரம், முற்றாக வேகும் வரை வைத்தல் வேண்டும். தனியே படிந்திருக்கும் கொழுப்பை அகற்றிவிட்டு, பின்னர் தேங்காய்ப்பாலையும் எண்ணெயையும் தாராளமாக ஊற்றினால், இயற்கை அளித்த நன்மையை நாமே கெடுத்தவர்களாவோம். முதற்பாலைக் குறைத்து, பிரட்டலாக எடுத்து, அருகிலே முருங்கையிலை வறையும் ஒரு துண்டு எலுமிச்சையும் வைத்தால் அதுவே நிறைவான உணவு. ஈரலில் இரும்பு மிகுதி. எனினும் விற்றமின் ஏ அதில் மிக அதிகம் ஆதலால், கர்ப்பிணிகள் ஈரலை அடிக்கடி உண்ணலாகாது. அவர்களுக்குத் தசையே உகந்தது.

நல்லதாயினும் அளவு வேண்டும். ஆட்டிறைச்சியும் சிவப்பு இறைச்சி வகையைச் சேர்ந்ததே. புற்றுநோய் ஆராய்ச்சிக்கான சர்வதேச முகவரகம் 2015 ஆம் ஆண்டில் சிவப்பு இறைச்சியைப் புற்றுநோய்க்குக் காரணமாகக்கூடியவற்றின் வரிசையிலே சேர்த்தது. சமைத்த நிலையில் வாரத்துக்கு 350 முதல் 500 கிராமுக்கு மேற்படாது உண்ணுதல் நன்று என்பது உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிதியத்தின் ஆலோசனை. மாதம் ஒரு முறை பங்கு வாங்கும் எமக்கு இஃது அச்சந்தருவதன்று. நாளும் இறைச்சி உண்ணும் புலம்பெயர்ந்த உறவினர்கள் இதனைக் கருத்திற் கொள்வாராக. சிறுநீரக நோயும் மூட்டுகளிலே யூரிக் அமில நோயும் உள்ளவர்கள் வைத்தியரைக் கேட்டே உண்ணுதல் வேண்டும்.

இறைச்சியின் விலை ஏறிவிட்டது என்பதையும், மரக்கறி உணவையே நெறியாகக் கொண்டோர் எம்மிற் பலர் என்பதையும் நாம் மறக்கவில்லை. விலை கொடுக்க இயலாதோர்க்குச் சூடையும் நெத்தலியும் முட்டையும் உள்ளன. மரக்கறி உண்போர் பயறு, கௌபி, கீரை ஆகியவற்றை எலுமிச்சம்புளியோடு உண்டு, பி12க்காகப் பாலும் தயிரும் சேர்த்துக்கொள்ளலாம். எவராயினும், இரத்தசோகை உண்டென்று கண்டால், உணவை மாத்திரம் நம்பியிருத்தல் தவறு. பூச்சித் தொல்லையும் மிகுந்த மாதப்போக்கும் பரம்பரையாக வரும் இரத்தக் குறைபாடுகளும் அதற்குக் காரணமாகலாம். ஆகையால் வைத்தியரிடம் செல்லுதலும், கர்ப்பிணிகள் சிகிச்சை நிலையத்தில் தரப்படும் இரும்புக் குளிகைகளைத் தவறாது எடுத்தலும் இன்றியமையாதவை.

எமது இல்லாளும் அவ்வாறே வைத்தியரிடம் சென்றாள். காரணத்தை ஆராய்ந்து அவர் குளிகை கொடுத்தார். பெறாமகள் விமானம் ஏறுமுன் மகனை அழைத்து, தனியே ஏதோ சொல்லிவிட்டுப் போனாள்.

தீபாவளியை ஒட்டி மீண்டும் ஒரு கிடாய் பங்கு போடப்பட்டது. மதியம் எல்லோரும் அமர்ந்ததும், மகன் எழுந்து அகப்பையைத் தாயின் கையிலிருந்து வாங்கிக்கொண்டான். கோப்பைகளை வரிசையாக வைத்து, வாழையிலையிலே கூறு வைப்பதைப் போல, ஒவ்வொரு துண்டாக எண்ணிப் போட்டான். தாய் வழக்கம்போல், "எனக்குக் குழம்பு..." என்று தொடங்கினாள்.

"கூறு வைச்சாச்சு அம்மா. இது உங்கடை பங்கு" என்றான் அவன்.

அவள் ஒன்றும் சொல்லாமல் அமர்ந்து எம்மோடு உண்டாள். எமது வீட்டில் அவள் எல்லோருடனும் சேர்ந்து சூடாக இறைச்சி உண்டதை அன்றுதான் நாம் கண்டோம். மூன்று மாதத்தின் பின் எடுத்த பரிசோதனையில் ஈமோகுளோபின் 11.6 ஆக ஏறியிருந்தது. அதில் குளிகையின் பங்கே பெரிது என்பதை நாம் மறைக்கமாட்டோம். ஆனால் குளிகை முடிந்த பின்னும் அவளுடைய கோப்பை வெறுமையாகாது என்பதற்கு இப்போது எமது மகன் பொறுப்பு.

இதனை வாசிக்கும் மாணவச் செல்வங்களுக்கு ஒரு வேண்டுகோள். இன்று ஞாயிற்றுக்கிழமை, உங்களிற் பலருடைய வீட்டில் இறைச்சியோ மீனோ கொதித்துக்கொண்டிருக்கும். உண்ண அமருமுன் அம்மாவின் கோப்பையை ஒரு முறை எட்டிப் பாருங்கள். அதில் குழம்பு மாத்திரம் இருக்குமாயின், உங்கள் கோப்பையிலிருப்பதில் ஒரு பகுதி அவருடையது என்று அறிந்துகொள்ளுங்கள்.